ஒற்றைக் குழுத் தரவுகளைத் தொகுக்கும்போது வரும் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுகளைத் தொகுத்து ஒரே எண்ணாக்குவது பார்க்க எளிது. சிசேரியன் செய்துகொண்ட 400 பேரில் 36 பேருக்குத் தையல் இடத்தில் தொற்று, இன்னொரு ஆய்வில் 150 பேரில் 6 பேருக்கு. இப்படிப் பத்துப் பதினைந்து வரிகள் இருந்தால் மென்பொருள் எதையாவது ஒரு விடையைத் தந்துவிடும். அந்த விடை நம்பத்தக்கதா என்பதுதான் கேள்வி.

கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இரண்டுதான். ஒன்று, ஒற்றைக் குழுவில் ஓர் ஆய்வின் வேரியன்ஸ், அதாவது அதன் விடை தற்செயலால் எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு, அந்த ஆய்வு தந்த விகிதத்தையே சார்ந்திருக்கிறது. அதனால் வேரியன்ஸின் தலைகீழாக எடுக்கும் எடையும் விடையும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. மற்றொன்று, இரு குழு ஆய்வில் ஊர், மருத்துவமனை, நோயாளிகளின் நிலை போன்ற அடிப்படை வேறுபாடுகள் இரண்டு குழுவிலும் இருப்பதால் ஒப்பிடும்போது பெருமளவு கழிந்துவிடும். இங்கே கழிக்க ஆளில்லை. எல்லாம் விடைக்குள் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் தரவு அட்டவணையைப் பாருங்கள். சதவீதம் மட்டும் தரும் கட்டுரைகளில் நிகழ்வு எண்ணிக்கையைத் திரும்பக் கணக்கிட வேண்டும்: 82 பேரில் 3.7% என்றால் 3.03 வரும், ஆக 3 பேர். முழு எண்ணுக்கு அருகில் வராவிட்டால் நீங்கள் எடுத்த மொத்த எண்ணிக்கை தவறு. தொடர்கவனிப்பில் விடுபட்டவர்களைக் கழித்த எண்ணை அந்த ஆய்வு பயன்படுத்தியிருக்கலாம். கண், பல், மூட்டு ஆகியவற்றை எண்ணும் துறைகளில், 60 நோயாளிகளின் 100 கண்களை 100 தனித்தனி ஆட்களாக இட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அப்போது நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகள்) உண்மையில் இருக்கவேண்டியதைவிடக் குறுகிவிடும்.

அறிகுறி: நம்பிக்கை இடைவெளி பூஜ்யத்துக்குக் கீழே போகிறது

உருமாற்றம் செய்யாத விகிதத்தின் இருபுறமும் 1.96 மடங்கு திட்டப் பிழையை (வேரியன்ஸின் வர்க்கமூலத்தை) வைத்திருக்கிறீர்கள். 50 பேரில் 2 பேர் என்றால் விகிதம் 4%, திட்டப் பிழை 2.77%. இடைவெளி மைனஸ் 1.4 முதல் 9.4% வரை வரும். கீழ் எல்லையை வெட்டி 0 என்று எழுதுவது திருத்தம் ஆகாது, மேல் எல்லையும் தவறாகவே இருக்கிறது. அதே தரவுக்கு வில்சன் முறை 1.1 முதல் 13.5% வரையும், கிளாப்பர்-பியர்சன் முறை 0.5 முதல் 13.7% வரையும் தரும்.

தனி ஆய்வுக்கான இடைவெளி முறையும், தொகுத்த விடைக்கான முறையும் மென்பொருளில் வெவ்வேறு அமைப்புகள் என்பதைக் கவனியுங்கள். ஆர் மென்பொருளின் மெட்டா தொகுப்பில் உள்ள மெட்டாபிராப் கட்டளை தனி ஆய்வுகளுக்கு இயல்பாகவே கிளாப்பர்-பியர்சனைத்தான் எடுக்கும். அதனால் ஆய்வுக்கு ஒரு வரியாக இடைவெளிகளைக் காட்டும் ஃபாரஸ்ட் பிளாட் படத்தில் மேல் வரிகள் ஒழுங்காக இருக்க, கீழே தொகுத்த விடையைக் காட்டும் வைரம் மட்டும் எல்லை தாண்டியிருக்கலாம். தொகுப்பை லாஜிட் அளவுகோலில் (நிகழ்வு எண்ணை நிகழாத எண்ணால் வகுத்தால் வரும் ஆட்ஸின் மடக்கையில்) செய்தால் இந்தக் கோளாறு போய்விடும்.

அறிகுறி: விடை மைனஸ் 2.2 என்று வருகிறது

இது லாஜிட் மதிப்பு, திரும்ப மாற்றப்படவில்லை. ரெவ்மேன் என்ற மீளாய்வு மென்பொருள் போன்ற கருவியில் லாஜிட்டையும் அதன் திட்டப் பிழையையும் பொதுவான தலைகீழ் வேரியன்ஸ் முறையில் இட்டவர்களுக்கு இது வரும். அடுக்குக்குறி எடுத்தால் 0.111 கிடைக்கும். அது விகிதம் அல்ல, ஆட்ஸ். அதை ஒன்றுடன் கூட்டிய எண்ணால் வகுத்தால்தான் விகிதம்: 0.111 ஐ 1.111 ஆல் வகுக்க 10%. விகிதம் சிறியதாக இருக்கும்வரை இந்தத் தவறு கண்ணில் படாது. லாஜிட் மைனஸ் 0.4 ஆக இருந்தால் ஆட்ஸ் 0.67, உண்மையான விகிதமோ 40%.

அறிகுறி: தொகுத்த விடை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, அல்லது முறையை மாற்றினால் தலைகீழாக மாறுகிறது

முதல் வேர் இங்கேதான் நன்றாகத் தெரியும். தலா 100 பேர் கொண்ட இரண்டு ஆய்வுகள், ஒன்றில் 2 பேருக்கு நிகழ்வு, மற்றதில் 20 பேருக்கு. இருவரும் ஒரே அளவு தகவலைத் தந்திருக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எல்லா ஆய்வுக்கும் உண்மை விகிதம் ஒன்றே எனக் கொள்ளும் காமன் எஃபெக்ட் மாதிரியில் உருமாற்றம் இல்லாமல் தொகுத்தால், 2% ஆய்வின் வேரியன்ஸ் 0.000196, 20% ஆய்வின் வேரியன்ஸ் 0.0016. முதலாவதற்கு எட்டு மடங்கு எடை கிடைக்கிறது, விடை 4.0%. அதையே லாஜிட்டில் செய்தால் வேரியன்ஸ், நிகழ்வு எண்ணின் தலைகீழையும் நிகழாத எண்ணின் தலைகீழையும் கூட்டிய தொகை. முதலாவதற்கு 0.51, இரண்டாவதற்கு 0.0625. இப்போது 20% ஆய்வுக்கு எட்டு மடங்கு எடை, விடை 16.0%. வெறுமனே கூட்டி வகுத்தால் 22/200, அதாவது 11%.

ஒரே தரவுக்கு 4, 11, 16 என மூன்று விடைகள். உருமாற்றமில்லாத முறை சிறிய விகிதங்களுக்குச் சாயும், லாஜிட் 50 சதவீதத்தை நெருங்கும் விகிதங்களுக்குச் சாயும். உண்மை விகிதம் ஆய்வுக்கு ஆய்வு மாறலாம் எனக் கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாதிரியில் ஆய்வுகளுக்கிடையேயான வேரியன்ஸ் எல்லா எடைகளிலும் சேர்வதால் இந்தச் சாய்வு தணியும், முழுவதும் போகாது. ஒற்றைக் குழுத் தொகுப்பில் காமன் எஃபெக்ட் விடையை முதன்மை முடிவாகத் தருவதற்குப் பெரும்பாலும் நியாயம் இல்லை என்பதே எங்கள் கருத்து.

தீர்வு, ஒவ்வொரு ஆய்வின் எண்ணிக்கையையும் ஈருறுப்புப் பரவலாக நேரடியாக எடுத்து, லாஜிட் அளவில் ரேண்டம் எஃபெக்ட் வைக்கும் பொதுமைப்படுத்திய நேரியல் கலப்பு மாதிரி. சுருக்கமாக ஜிஎல்எம்எம். ஸ்டைனன், ஹம்ஸா, ஓஸ்டெமிர் ஆகியோர் 2010 இல் இதை அரிதான நிகழ்வுகளுக்கு விளக்கினார்கள். இதில் ஆய்வுக்கு ஆய்வு வேரியன்ஸை முன்கூட்டிக் கணக்கிட்டு, அதை மாறாத உண்மை போல நடத்த வேண்டியதில்லை.

ஜிஎல்எம்எம் பயன்படுத்தியும் விடை குறைவாகத் தெரிந்தால் அது பிழை அல்ல. லாஜிட்டின் சராசரியைத் திரும்ப மாற்றும்போது கிடைப்பது ஆய்வுகளின் இடைநிலை விகிதம், சராசரி விகிதம் அல்ல. இடைநிலை 10%, லாஜிட் அளவில் டௌ (ஆய்வுகளுக்கிடையேயான வேறுபாட்டின் திட்ட விலக்கம்) 1 என்றால், எல்லா ஆய்வுச் சூழல்களின் சராசரி ஏறக்குறைய 13% ஆக இருக்கும். படுக்கை எண்ணிக்கை, மருந்துத் தேவை போன்ற திட்டமிடலுக்கு உங்கள் எண் போகப்போகிறது என்றால் இந்த 3 சதவீதப் புள்ளி மிகப் பெரியது. எதைத் தருகிறீர்கள் என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: நிகழ்வே இல்லாத ஆய்வு காணாமல் போகிறது, அல்லது அதன் எடை விசித்திரமாக இருக்கிறது

நிகழ்வு 0 என்றால் லாஜிட் கிடையாது. மென்பொருள் அந்த ஆய்வை விலக்கும், அல்லது 0.5 கூட்டும். விலக்குவது படுமோசம். தொற்றே வராத மருத்துவமனைகளை நீக்கிவிட்டுத் தொற்று விகிதம் கணக்கிடுவதாகிவிடும்.

0.5 கூட்டுவதும் பாதுகாப்பானது அல்ல. 20 பேரில் 0 என்பது 0.5/21, அதாவது 2.4% ஆகிறது. 200 பேரில் 0 என்பது 0.25%. மதிப்பாவது ஓரளவு பொருந்துகிறது. எடையைப் பாருங்கள்: லாஜிட் வேரியன்ஸ் முதலாவதற்கு 2.05, இரண்டாவதற்கு 2.005. பத்து மடங்கு பெரிய ஆய்வுக்குக் கிட்டத்தட்ட அதே எடை! 2000 பேரில் 0 என்றாலும் 2.0005 தான். லாஜிட்டில் எடையைத் தீர்மானிப்பது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, நிகழ்வுகளின் எண்ணிக்கை.

இங்கும் மருந்து ஜிஎல்எம்எம் தான், அது 0 ஐ எந்தக் கூட்டலும் இல்லாமல் ஏற்கும். மெட்டாபிராப்பில் லாஜிட் தேர்வுக்கு இதுவே இயல்பு முறை. ஆனால் பழைய நிரல்களில் தலைகீழ் வேரியன்ஸ் முறையைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

ஜிஎல்எம்எம் கணக்கு ஒரு விடையில் குவியாமல் எச்சரிக்கை தந்தால்: ஆய்வுகள் நான்கைந்துக்குக் கீழா, பெரும்பாலானவை 0 ஆ என்று முதலில் பாருங்கள். தேடல் வழிநிரலை மாற்றுவது சில சமயம் உதவும். உதவாவிட்டால் பீட்டா-ஈருறுப்பு மாதிரியோ, மிதமான முன்பரவல் கொண்ட பேய்சிய மாதிரியோ முயலலாம். எல்லா ஆய்வும் 0 என்றால் எந்த ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாதிரிக்கும் மதிப்பிட ஒன்றுமில்லை. மொத்தம் 300 பேரில் 0 என்றால் மூன்றின் விதிப்படி மேல் எல்லை 3/300, ஏறத்தாழ 1%. அதை மட்டும் சொல்லி, ஆய்வுகள் ஒன்றுபோல இருப்பதாக எடுத்துக்கொண்டதையும் எழுதுங்கள்.

அறிகுறி: ஃபாரஸ்ட் பிளாட்டில் எடைப் பத்தி காலி

ஜிஎல்எம்எம் தனி ஆய்வு எடைகளைத் தராது. கோளாறு இல்லை. பத்தியை நிரப்புவதற்காக வேறு முறையின் எடைகளை ஒட்டவேண்டாம், பத்தியை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: எல்லா ஆய்விலும் நிகழ்வு இருக்கிறது, தொகுத்த விடை மட்டும் 0%

ஃப்ரீமன்-டூக்கி இரட்டை ஆர்க்சைன் உருமாற்றம் பயன்படுத்தியிருக்கிறீர்கள். 1950 இல் வந்த இந்த உருமாற்றம் வேரியன்ஸை விகிதத்திலிருந்து பிரித்துவிடுவதால் முதல் வேருக்கு நல்ல மருந்தாகத் தோன்றுகிறது. சிக்கல் திரும்பி வரும் வழியில் இருக்கிறது. மில்லர் 1978 இல் தந்த திரும்ப மாற்றும் சூத்திரத்துக்கு ஒரு மாதிரி அளவு தேவை. தனி ஆய்வுக்கு அது தெரியும். தொகுத்த விடைக்கு எந்த மாதிரி அளவு? இசைச் சராசரியை (தலைகீழ்களின் சராசரிக்குத் தலைகீழை) போடு என்றார் அவர், பல மென்பொருள்கள் அதையே செய்தன.

மூன்று ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம்: 20 பேரில் 1, 50 பேரில் 2, 40,000 பேரில் 40. மாதிரி அளவுகளின் இசைச் சராசரி 42.8. உருமாற்றிய அளவில் காமன் எஃபெக்ட் தொகுப்பு 0.0644, ஏறக்குறைய முழுவதும் பெரிய ஆய்விலிருந்து வருவது. ஆனால் 43 பேர் கொண்ட ஓர் ஆய்வில் நிகழ்வு 0 ஆக இருந்தாலே உருமாற்றிய மதிப்பு 0.151 வரும். நம் 0.0644 அதற்கும் கீழே. வரம்பைச் சோதிக்கும் நிரல் இதைப் பார்த்து 0% என்று தரும். சோதிக்காத நிரல் சூத்திரத்தை அப்படியே ஓட்டி 2.3% தரும். கூட்டி வகுத்தால் 43/40,070, அதாவது 0.11%. 0%, 2.3% என்ற இரண்டு விடையும் குப்பை.

2019 இல் ஷ்வார்ட்ஸரும் சகாக்களும் இந்தத் திரும்ப மாற்றலின் ஆபத்தை விரிவாக எழுதினார்கள். ஆனாலும் இரட்டை ஆர்க்சைனை இயல்பாகப் பரிந்துரைக்கும் வழிகாட்டிகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஆய்வுகளின் அளவுகள் ஒன்றுக்கொன்று பத்து மடங்குக்கு மேல் வேறுபட்டால் இசைச் சராசரியைத் தொடாதீர்கள். இசைச் சராசரிக்குப் பதிலாகத் தொகுத்த வேரியன்ஸின் தலைகீழைப் போட்டால் மேற்கண்ட தரவு 0.10% தருகிறது, அது பரவாயில்லை. ஆனாலும் ஜிஎல்எம்எம் கையில் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி தேவையில்லை. பழைய ஒரு மீளாய்வைப் புதுப்பிக்கிறீர்கள், அதில் இரட்டை ஆர்க்சைன் இருந்தது என்றால் இரண்டு முறையிலும் ஓட்டி விடைகளை அருகருகே காட்டுங்கள்.

அறிகுறி: ஐ-ஸ்கொயர் 97%, தொகுக்கவே கூடாது என்கிறார் மதிப்பீட்டாளர்

ஐந்து ஆய்வுகள், விகிதங்கள் 8, 9, 10, 11, 12%. ஒவ்வொன்றிலும் 200 பேர் என்றால் க்யூ மதிப்பு (ஆய்வுகள் தொகுத்த விடையிலிருந்து விலகும் மொத்த அளவு) ஏறக்குறைய 2.2, ஐ-ஸ்கொயர் 0. ஒவ்வொன்றிலும் 10,000 பேர் என்றால் க்யூ 111, ஐ-ஸ்கொயர் 96%. விகிதங்கள் அதே ஐந்துதான். மொத்த வேறுபாட்டில் தற்செயலால் வராத பங்கைத்தான் ஐ-ஸ்கொயர் சொல்கிறது. ஆய்வுகள் பெரிதாகப் பெரிதாகத் தற்செயலின் பங்கு சுருங்கும், ஐ-ஸ்கொயர் 100 ஐ நோக்கி ஏறும். நோய்ப் பரவல் ஆய்வுகளில் ஆயிரக்கணக்கானோர் இருப்பது சகஜம் என்பதால் 90 க்கு மேல் வருவது இங்கே வியப்பில்லை. 75 க்கு மேல் அதிகம் என்ற அளவுகோலை இரு குழு ஆய்வுகளிலிருந்து தூக்கி வந்து இங்கே வைப்பது பொருந்தாது.

அதற்காக வேறுபாடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டாவது வேர் காரணமாக உண்மையான வேறுபாடும் இருக்கத்தான் செய்யும். அதை மக்களுக்குப் புரியும் அலகில் காட்ட வேண்டும், அதற்கு முன்கணிப்பு இடைவெளி, அதாவது புதிய ஓர் இடத்தின் விகிதம் விழக்கூடிய எல்லை, இருக்கிறது. பத்து ஆய்வுகள், தொகுத்த லாஜிட் மைனஸ் 2.197, திட்டப் பிழை 0.2, டௌ 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். டௌவின் வர்க்கத்தையும் திட்டப் பிழையின் வர்க்கத்தையும் கூட்டினால் 0.40, அதன் வர்க்கமூலம் 0.632. எட்டுக் கட்டின்மை எண்ணுக்கான டி மதிப்பு 2.306 ஆல் பெருக்கி இருபுறமும் வைத்துத் திரும்ப மாற்றினால் 2.5 முதல் 32% வரை. நம்பிக்கை இடைவெளியோ 7 முதல் 14% வரைதான். சில மென்பொருள் பதிப்புகள் கட்டின்மை எண்ணை ஆய்வு எண்ணிக்கையில் இரண்டு குறைத்தும், சில ஒன்று குறைத்தும் எடுக்கின்றன. சிறு வித்தியாசம் வந்தால் காரணம் அதுதான்.

புதிதாக ஒரு மருத்துவமனை தன் தொற்று விகிதத்தை ஒப்பிட வந்தால் அவர்களுக்கு வேண்டியது 2.5 முதல் 32 வரையிலான இடைவெளி. 7 முதல் 14 வரையை மட்டும் சுருக்கத்தில் எழுதிவிட்டால், 18% உள்ள மருத்துவமனை தான் ஏதோ பெரும் தவறு செய்வதாக எண்ணிக்கொள்ளும்.

இடைவெளி பயனற்ற அளவுக்கு விரிந்தால் மூலத்தைத் தேடுங்கள். தொற்று எப்படி வரையறுக்கப்பட்டது, நோயாளி வீடு போனபின் எத்தனை நாள் கவனித்தார்கள், அவசர அறுவையா திட்டமிட்டதா: இந்த மூன்றும் பிரசவ அறுவைத் தொற்றில் பெரும்பகுதியை விளக்கக்கூடியவை. இப்படி ஒரு காரணி விகிதத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்கும் மெட்டா ரிக்ரஷன் செய்ய ஒரு காரணிக்குக் குறைந்தது பத்து ஆய்வாவது வேண்டும். எந்தக் காரணிகள் என்பதை ஆய்வுக்கு முன் எழுதும் நெறிமுறைத் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

அறிகுறி: மூன்றே ஆய்வு, ஆனால் இடைவெளி நம்பமுடியாத அளவு குறுகல்

1.96 ஐப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். மூன்று ஆய்வுக்கு உரிய டி மதிப்பு 4.303, இரண்டுக்கு 12.706. தலைகீழ் வேரியன்ஸ் முறையானால் டி மதிப்பைப் பயன்படுத்தும் ஹார்ட்டுங்-நாப் திருத்தத்தையும், ஜிஎல்எம்எம் ஆனால் டி பரவலையும் தேர்ந்தெடுங்கள். இடைவெளி பெரிதாக விரிந்தால் அதுதான் கையிலுள்ள தகவலின் உண்மை அளவு.

அறிகுறி: ஃபனல் பிளாட் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது, எக்கர் சோதனையும் தேறவில்லை

ஃபனல் பிளாட் என்பது ஆய்வுகளின் விடைகளைத் திட்டப் பிழைக்கு எதிரே வைக்கும் படம், எக்கர் சோதனை அதன் சாய்வை அளப்பது. வெளியீட்டுச் சார்பு (சில முடிவுகள் மட்டும் வெளியாவது) என்று எழுதுமுன் நில்லுங்கள். விகிதம் மாறினால் திட்டப் பிழையும் தானாக மாறுவதால், எந்தச் சார்பும் இல்லாமலே ஃபனல் சாயும். ஹன்ட்டரும் சகாக்களும் 2014 இல் இதைக் காட்டி, செங்குத்து அச்சில் திட்டப் பிழைக்குப் பதில் மாதிரி அளவை வைக்கச் சொன்னார்கள். மேலும் நோய்ப் பரவல் ஆய்வில் சாதகமான முடிவு என்று எதுவும் இல்லை. 3% வந்தாலும் 30% வந்தாலும் ஆய்வு வெளியாகலாம். மாதிரியை எப்படித் தேர்ந்தார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று மீளாய்வு வழிகாட்டிகளை வெளியிடும் ஜேபிஐ நிறுவனத்தின் ஒன்பது கேள்விப் பட்டியலால் ஆராய்வது கூடுதல் பலன் தரும்.

அறிகுறி: சராசரிகளைத் தொகுக்கும்போது ஒரே ஆய்வு எல்லா எடையையும் விழுங்குகிறது

திட்ட விலக்கப் பத்தியில் திட்டப் பிழை புகுந்திருக்கிறது. 100 பேர், திட்டப் பிழை 0.8 என்றால் திட்ட விலக்கம் 8. அந்த 0.8 ஐயே இட்டால் எடை நூறு மடங்கு கூடிவிடும். மற்ற ஆய்வுகளின் திட்ட விலக்கத்தோடு ஒப்பிட்டாலே பிடிபடும்.

திட்ட விலக்கம் சரியாக இருந்தும் தொகுத்த சராசரி தாழ்வாக வந்தால், தரவு வலப்பக்கம் நீண்டது. மருத்துவமனையில் தங்கிய நாள்கள், செலவு, காத்திருப்பு நேரம் எல்லாம் இப்படித்தான். சராசரி குறைந்த ஆய்வில் திட்ட விலக்கமும் குறையும், எடை கூடும், விடை கீழே இழுக்கப்படும். சராசரியைத் திட்ட விலக்கத்தால் வகுத்து 2 க்குக் கீழே வந்தால் சந்தேகப்படுங்கள், 1 க்குக் கீழே வந்தால் சாய்வு உறுதி என்றே கொள்ளலாம். அப்போது அதே மெட்டா தொகுப்பின் மெட்டாமீன் கட்டளையில் சராசரியின் மடக்கையைத் தொகுத்துத் திரும்ப மாற்றுங்கள். இடைநிலையும் கால்மான இடைவெளியும் மட்டும் தரும் ஆய்வுகளுக்கு, கால்மான வீச்சை 1.35 ஆல் வகுத்துத் திட்ட விலக்கம் எடுக்கும் வழக்கம் சமச்சீரான பெரிய மாதிரிக்குத்தான் பொருந்தும்.

சிகிச்சைக்கு முன், பின் மாற்றத்தைத் தொகுப்பவர்களுக்கு இரண்டு அளவீடுகளுக்கிடையேயான ஒட்டுறவு தேவை. முன்னும் பின்னும் திட்ட விலக்கம் 10 என்றால், ஒட்டுறவு 0 இல் மாற்றத்தின் திட்ட விலக்கம் 14.1, 0.5 இல் 10, 0.8 இல் 6.3. ஆய்வு தராவிட்டால் 0.5 ஐயும் 0.8 ஐயும் வைத்து இருமுறை ஓட்டுங்கள்.

அறிகுறி: கவனிப்புக் காலம் நீளமான ஆய்வுகளில் விகிதமும் கூடுகிறது

ஆறு மாதம் பார்த்த ஆய்வையும் ஐந்து ஆண்டு பார்த்த ஆய்வையும் ஒரே விகிதமாகத் தொகுத்திருக்கிறீர்கள். ஆள்-ஆண்டு கணக்குக்கு மாறுங்கள். 400 ஆள்-ஆண்டில் 12 நிகழ்வு என்றால் 100 ஆள்-ஆண்டுக்கு 3. மெட்டாரேட் கட்டளையில் பாய்சான் கலப்பு மாதிரியைத் தேர்ந்தெடுக்கலாம். தொடக்கத்தில் குவிந்து பின்பு குறையும் நிகழ்வுகளுக்கு, அறுவைத் தொற்று போன்றவற்றுக்கு, இதுவும் பொருந்தாது. 30 நாள் போல ஒரே காலப்புள்ளியில் உள்ளவற்றை மட்டும் சேர்ப்பதே வழி.

அறிகுறி: இரண்டு சிகிச்சைகளின் தொகுத்த விகிதங்களின் இடைவெளிகள் ஒன்றையொன்று தொடவில்லை, ஆகவே ஒன்று மேல் என்று முடிவுரையில் இருக்கிறது

அந்த வாக்கியத்தை நீக்குங்கள். முதல் சிகிச்சையின் ஆய்வுகளும் இரண்டாவதன் ஆய்வுகளும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கடுமை கொண்ட நோயாளிகளிடம் நடந்தவை. இடைவெளிகளுக்கு நடுவே இருக்கும் வெளி மருந்தால் வந்ததா, ஆட்களால் வந்ததா என்று பிரிக்க இந்தத் தரவில் ஒன்றுமில்லை. துணைக்குழுச் சோதனையின் பி மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்த நிலை மாறாது. இரண்டு சிகிச்சையையும் ஒரே ஆய்வுக்குள் ஒப்பிட்டவை கிடைத்தால், அவை இரண்டு மூன்றே ஆனாலும், அவற்றைத் தனியாகத் தொகுத்து, சிகிச்சைகளை ஒப்பிடும் வாக்கியத்தை அதிலிருந்து மட்டும் எழுதுங்கள். ஒற்றைக் குழு விகிதங்களைத் தனி அட்டவணையில், முன்கணிப்பு இடைவெளியோடு வையுங்கள்.